ஃப்யூரி - உசிக்: ஆறு இன்ச் உயரத்த உசிக் எப்படி தாண்டப்போறாரு?

மூணாவது_ரவுண்டு
18 மே 2024, காலை 7:50

எல்லாருக்கும் வணக்கம். நான் பாக்ஸிங் பாக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது, ஜெட்டாவுல பிரிட்டன்காரர் அந்தோணி ஜோஷுவாவ உக்ரைன்காரர் ஒலெக்சாண்டர் உசிக் ரெண்டாவது தடவ ஜெயிச்சாரே அதான் நான் முழுசா உக்காந்து பாத்த மொத மேட்ச், அன்னியிலேருந்து உசிக்னா எனக்கு உசுரு. இன்னிக்கு ராத்திரி ரியாத்துல அவருக்கு பிரிட்டன்காரர் டைசன் ஃப்யூரியோட மோதல். 1999 நவம்பர்ல லெனாக்ஸ் லூயிஸ் ஹோலிஃபீல்ட ஜெயிச்சதுக்கு அப்புறம் ஹெவிவெயிட்ல மொத்த சாம்பியன் பெல்ட்டும் ஒரே ஆள்கிட்ட போகப்போறது இப்பத்தான், அதனால நேத்துலேருந்து வேற எதுலயும் மனசு ஓடல.

ஆனா வெயிட்-இன் பாத்ததுலேருந்து வயித்த கலக்குது. ஃப்யூரி 6 அடி 9 இன்ச், உசிக் 6 அடி 3 இன்ச். கை நீளம் (ரெண்டு கையையும் விரிச்சா ஒரு விரல் நுனிலேருந்து இன்னொரு விரல் நுனி வரைக்கும்) ஃப்யூரிக்கு 85 இன்ச், உசிக்குக்கு 78. வெயிட்டு ஃப்யூரி 262 பவுண்டு, உசிக்குக்கு மொதல்ல 233.5னு சொல்லி அப்புறம் 223.5னு திருத்தினாங்க, அப்படின்னா கிட்டத்தட்ட 17 கிலோ வித்தியாசம். ரெண்டு பேரும் எதிரெதிர நின்னப்ப உசிக்கோட கண்ணு ஃப்யூரியோட தாடி மட்டத்துக்குத்தான் வருது. எங்க அண்ணன் பாத்துட்டு "இது என்னடா, அப்பனும் புள்ளையும் நிக்கிற மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு போயிட்டான்.

என் கேள்வி இதுதான், அவ்ளோ நீளமான கைய தாண்டி உசிக் எப்படி உள்ள போவாரு, போனா என்ன ஆகும், போகலன்னா தூரத்துலேருந்து பாயிண்டு எடுக்க முடியுமா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, யார் ஜெயிப்பாங்கன்னு மட்டும் சொல்லிட்டு போயிடாதீங்க.

மலையாண்டி
18 மே 2024, காலை 8:35

நான் ஃப்யூரி பக்கம், அத மொதல்லயே சொல்லிடுறேன்.

நண்பா, உயரமா இருக்கிறது வேற, அந்த உயரத்த பயன்படுத்த தெரிஞ்சிருக்கிறது வேற. ஜோஷுவாவும் 6 அடி 6 தான், ஆனா அவர் நேரா விறைப்பா நிப்பாரு, தலை ஒரே எடத்துல இருக்கும். ஃப்யூரி அப்படி கிடையாது, இடுப்புலேருந்து பின்னால சாய்வாரு பாருங்க, நீங்க ஒரு குத்து விட்டா அது மூஞ்சிக்கு நாலு விரக்கடை முன்னாடி நின்னுடும், நீங்க கைய இழுக்கறதுக்குள்ள திரும்ப வந்து அடிச்சிட்டு போயிடுவாரு. 2015ல டுஸ்ஸல்டார்ஃப்ல கிளிட்ச்கோவ அப்படித்தான் பண்ணாரு, பத்து வருஷத்துக்கு மேல தோக்காத மனுஷன் 12 ரவுண்டும் கைய விடவே யோசிச்சு யோசிச்சு நின்னாரு.

அடுத்தது வெயிட்டு. 2020ல வைல்டர் ரெண்டாவது மேட்ச்ல 273 பவுண்டுல வந்து ஒவ்வொரு கிளின்ச்லயும் (ஒருத்தர ஒருத்தர் கட்டிப் புடிக்கிறப்ப) அந்த மொத்த ஒடம்பையும் அவர் கழுத்து மேல போட்டு சாஞ்சாரு, ஏழாவது ரவுண்டுல வைல்டர் கார்னர்லேருந்து துண்டு விழுந்துச்சு, அதாவது தோல்விய ஒத்துக்கிட்டாங்க. அடியால மட்டும் வந்தது இல்ல அது, தூக்கி சுமந்த களைப்பு.

இன்னொன்னு, க்ரூஸர்வெயிட்லேருந்து (ஹெவிவெயிட்டுக்கு கீழ இருக்கிற எடைப் பிரிவு) மேல வந்த ஆள ஃப்யூரி ஏற்கனவே பாத்திருக்காரு. 2013ல நியூயார்க்ல ஸ்டீவ் கன்னிங்ஹாம், 210 பவுண்டு, நல்ல ஃபுட்வொர்க், ரெண்டாவது ரவுண்டுல ஃப்யூரிய மல்லாக்க தள்ளிட்டாரு. அப்புறம் என்ன ஆச்சு? ஃப்யூரி கிட்ட போய் சாஞ்சு சாஞ்சு கால ஓயவச்சாரு, ஏழாவது ரவுண்டுல இடது முன்னங்கையால தாடைய தள்ளி நேரா நிறுத்தி வலது கையால ஒண்ணு போட்டாரு, முடிஞ்சுது. உசிக்கு கன்னிங்ஹாம விட ரொம்ப பெரிய ஆளுதான், நான் இல்லேங்கல, ஆனா வழி அதேதான்.

கார்னர்_ஸ்டூல்
18 மே 2024, காலை 10:20

நான் சென்னையில கிளப் லெவல்ல ஆறு வருஷம் ஆடியிருக்கேன், இப்ப சாயங்காலத்துல பசங்க குத்தி பழகறதுக்கு பேட் புடிக்கிறேன். தம்பி கேட்ட கேள்வி ரொம்ப சரியான கேள்வி, ஆனா எல்லாரும் கைய அளக்குறாங்க, மொதல்ல கால அளக்கணும்.

ஃப்யூரி பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ், இடது கால் முன்னாடி. உசிக் சவுத்பா, வலது கால் முன்னாடி. இப்ப ரெண்டு பேரும் எதிரெதிர நின்னா முன்னங்கால் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டுற மாதிரி வரும், முன்னங்கையும் அப்படியே. ஆர்த்தடாக்ஸ் ரெண்டு பேர் ஆடும்போது ஜேப் (முன்னங்கையால விடுற நேர் குத்து) போறதுக்கு நேர் ரோடு இருக்கும், கை நீளமா இருந்தா அந்த நீளம் முழுசும் லாபம். சவுத்பாகிட்ட அந்த ரோட்டுல அவனோட முன்னங்கை குறுக்க நிக்குது. தட்டி விடுவான், மேல கைய வச்சு அமுக்குவான், அதனால நீளமான ஜேப்போட மதிப்பு பாதியா கொறைஞ்சிடும். உசிக் மேட்ச் எத வேணாலும் எடுத்து பாருங்க, அந்த வலது கை சும்மாவே இருக்காது, எதிராளியோட கிளவ்ஸ தடவிக்கிட்டே தட்டிக்கிட்டே இருக்கும்.

அடுத்து, யாரோட முன்னங்கால் வெளிப்பக்கம் இருக்கோ அவனுக்குத்தான் பின்னங்கைக்கு வழி கிடைக்கும். உசிக் தன்னோட வலது பக்கமா ஒரு சின்ன எட்டு வச்சு ஃப்யூரியோட இடது காலுக்கு வெளிய தன் காலை வச்சுட்டார்னா அவரோட இடது நேர் குத்து ஃப்யூரியோட நடு மூஞ்சிக்கு நேரா வந்துடும், ஃப்யூரியோட வலது கை தோளுக்கு வெளிய காத்துல போகும். அப்ப 85 இன்ச் இருந்தும் பிரயோஜனம் இல்ல. அந்த ஒரு எட்டுலதான் மேட்ச்சே இருக்கு.

ஆனா மலையாண்டி அண்ணன் சொன்ன சாயுற விஷயம் நூத்துக்கு நூறு உண்மை, அத அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். நான் 60 கிலோ, ஒரு நாள் எங்க கோச் 75 கிலோ பையன் ஒருத்தனோட என்ன ஸ்பாரிங் (பயிற்சி சண்டை) விட்டாரு. அவன் குத்து எதுவும் எனக்கு பெருசா வலிக்கல, நான் உள்ள போய் ரெண்டு அடி போட்டுட்டேன், போட்ட உடனே அவன் இடது முன்னங்கைய என் பிடரியில வச்சு அப்படியே படுத்துட்டான். மூக்கு அவன் நெஞ்சுல அழுந்தி வேர்வை நாத்தம், மூச்சு இழுக்க முடியல, நிமிரலாம்னு பாத்தா இடுப்பு வரல, காலால தள்ளித்தான் நிமிரணும். இப்படி ஒரு நாலஞ்சு தடவ. ரெண்டாவது ரவுண்டு பாதியில என் கெண்டைக்கால் தனியா துடிக்குது, எட்டு வைக்கணும்னு மூளை சொல்லுது கால் அரை செகண்டு கழிச்சு போகுது. 15 கிலோ வித்தியாசத்துக்கே அப்படி, அதுவும் மூணு ரவுண்டு ஸ்பாரிங். இவங்க 12 ரவுண்டு.

அதனால என் கணக்கு, உசிக் உள்ள போறது பெருசில்ல, அடிச்சுட்டு எந்த பக்கம் வெளிய வராருங்கறதுதான் பெருசு. நேரா பின்னால வந்தா ஃப்யூரி கை நீளம் தேடி வரும், அங்கயே நின்னா சாஞ்சிடுவாரு. பக்கவாட்டுல வரணும், 36 நிமிஷமும் வரணும்.

மூணாவது_ரவுண்டு
18 மே 2024, காலை 11:05

அண்ணே ரொம்ப நன்றி, இத படிச்சுட்டு ஜோஷுவா மேட்ச திரும்ப போட்டு கால மட்டும் பாத்தேன், வேற மேட்ச் மாதிரி இருக்கு! ஒரு சந்தேகம். டேவிட் ஹே கூட 6 அடி 3 தான், க்ரூஸர்வெயிட்லேருந்து வந்தவர்தான், 7 அடி வாலுயேவ ஜெயிச்சாரு, ஆனா கிளிட்ச்கோகிட்ட உள்ளயே போக முடியாம தோத்தாருன்னு படிச்சேன். அதே ஆளு, ஒரு உயரத்த தாண்டினாரு இன்னொரு உயரத்த தாண்ட முடியல, அது ஏன்?

கார்னர்_ஸ்டூல்
18 மே 2024, பகல் 12:40

நல்லா புடிச்சீங்க தம்பி. 2009ல நியூரம்பர்க்ல வாலுயேவ் 316 பவுண்டு, ஹே 217. கிட்டத்தட்ட 45 கிலோ வித்தியாசம், இன்னிக்கு இருக்கறத விட ரெண்டரை மடங்கு! ஆனா வாலுயேவுக்கு கால் கிடையாது. ஹே அடிச்சுட்டு நகந்துட்டா அவர் திரும்பி பாக்கறதுக்குள்ள அடுத்த மூலைக்கு போயிருப்பாரு, அப்படியே ஓடி ஓடி பாயிண்டுல எடுத்துட்டாரு. 2011ல ஹாம்பர்க்ல கிளிட்ச்கோ 6 அடி 6 தான், வாலுயேவ விட அரை அடி கம்மி, ஆனா ஜேப் மாதிரி ஒரு ஜேப், ஹே எட்டு வைக்கிறப்பல்லாம் இவர் ஒரு எட்டு பின்னால, தூரம் மாறவே இல்ல. ஹே தூரத்துலேருந்து தாவி தாவி ஒத்த குத்து விட்டாரே தவிர கோணம் மாத்தி போகல. ஆர்த்தடாக்ஸுக்கு ஆர்த்தடாக்ஸ், அதனால நான் மேல சொன்ன நேர் ரோடு கிளிட்ச்கோவுக்கு தொறந்தே கிடந்துச்சு.

ஃப்யூரி வாலுயேவ் சைஸுக்கு பக்கத்துல இருக்கிற ஆளு, ஆனா கால் நகரும், ரெண்டு பக்கமும் நின்னு ஆடுவாரு, வேணும்னா அவரே சவுத்பாவா மாறி நிப்பாரு. அதான் உசிக்குக்கு இது வரைக்கும் வராத கணக்கு.

டொட்டன்ஹாம்_மேல்தட்டு
18 மே 2024, பிற்பகல் 2:15

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். 2021 செப்டெம்பர் 25 அண்டைக்கு டொட்டன்ஹாம் ஸ்டேடியத்தில மேல்தட்டில இருந்து ஜோஷுவா - உசிக் முதல் சண்டைய பாத்தனான். 60,000 பேருக்கு மேல சனம், எல்லாரும் ஜோஷுவாவுக்குத்தான் கத்தினவை, நானும் அண்டைக்கு ஜோஷுவா பக்கம்தான்.

ஜோஷுவா 240 பவுண்ட், உசிக் 221. ரிங்குக்குள்ள ரெண்டு பேரும் வந்து நிக்கேக்க எனக்கு பக்கத்தில இருந்த பெடியன் "உவர் சின்ன ஆள், நாலு ரவுண்ட் தாங்க மாட்டார்" எண்டு சொன்னவன். மூண்டாவது ரவுண்டில உசிக்கின்ர இடது கை ஒண்டு விழுந்து ஜோஷுவா ஆடினவர் பாருங்கோ, எங்கட தட்டு முழுக்க சத்தமே இல்ல. மேல இருந்து பாக்கேக்க டிவியில தெரியாத ஒண்டு தெரிஞ்சது, ரிங்கின்ர நடுவில உசிக் நிக்கிறார், ஜோஷுவா அவரைச் சுத்தி கரையால நடக்கிறார். பெரிய ஆள்தானே நடுவ பிடிக்க வேணும்? அண்டைக்கு அது மாறி நடந்தது. 12ஆவது ரவுண்டில கயித்தில சாத்தி வைச்சு அடிச்சுக்கொண்டு நிக்கேக்க மணி அடிச்சது, இன்னும் அரை நிமிசம் இருந்தா நடுவர் நிப்பாட்டியிருப்பார் எண்டுதான் நான் இண்டைக்கும் நினைக்கிறன்.

ஒண்டு மட்டும் சொல்லுறன். உசிக் முதல் மூண்டு நாலு ரவுண்டில ஆள படிக்கிறவர், கடைசி நாலு ரவுண்டில படிச்சத எடுத்து விடுறவர். 37 வயசு ஆகுது, அந்த கடைசி நாலு ரவுண்ட் கால் இன்னும் கிடக்கோ எண்டதுதான் எனக்குள்ள கேள்வி.

மலையாண்டி
18 மே 2024, மாலை 4:00

லண்டன் அண்ணன் சொன்னத படிக்கவே நல்லா இருந்துச்சு. ஆனா அன்னிக்கு ஜோஷுவா உசிக்கோட பாக்ஸிங் ஆட போனதுதான் தப்பு. உசிக்க சிரமப்படுத்தினவங்க யாருன்னு பாருங்க. 2018ல ரிகாவுல மைரிஸ் பிரெடிஸ், முன்னால வந்து அழுத்திக்கிட்டே இருந்தாரு, மெஜாரிட்டி டிசிஷன்லதான் (ரெண்டு ஜட்ஜ் உசிக் பக்கம், ஒருத்தர் சமம்னு சொன்னாரு) உசிக் தப்பிச்சாரு. 2020ல சிசோரா, மொத நாலு ரவுண்டு காளை மாதிரி முட்டி முட்டி ஒடம்புல அடிச்சாரு, உசிக் பின்னால போயிட்டே இருந்தாரு. போன வருஷம் போலந்துல டுபுவா, அஞ்சாவது ரவுண்டுல பெல்ட்டுகிட்ட ஒரு குத்து. லோ ப்ளோன்னு (இடுப்புக்கு கீழ விழுந்த தப்பான அடி) நடுவர் சொன்னாரு, அத பத்தி இன்னி வரைக்கும் சண்ட ஓடுது, நான் அதுக்குள்ள போகல, நான் பாத்தது அவர் அதுலேருந்து எழுந்து வர எடுத்துக்கிட்ட நேரத்த. ஒடம்புல விழுற அடி அவருக்கு புடிக்கல.

ஃப்யூரிக்கு உயரத்தால இன்னொரு லாபம் இருக்கு, யாரும் பேசல. குள்ளமா இருக்கவன் உள்ள வரணும்னா தலைய கொஞ்சம் குனிஞ்சுதான் வரணும். குனிஞ்சு வர தலைக்கு கீழேருந்து வலது அப்பர்கட். உசிக் வர்ற வழியில அத வச்சுட்டு, அடுத்து ஒடம்புல ஒண்ணு வச்சுட்டு, அப்புறம் சாஞ்சா போதும். நாலுலேருந்து ஏழாவது ரவுண்டுக்குள்ள உசிக் கயித்துக்கு போவாருன்னு நான் சொல்றேன்.

பழைய_பெல்ட்
18 மே 2024, மாலை 5:10

ஒரே ஒரு விஷயம் கேக்குறேன். ஆறு மாசம் முன்னாடி அதே ரியாத்துல என்கானு, வாழ்க்கையில மொத தடவ ப்ரொஃபஷனல் பாக்ஸிங் ரிங்குல ஏறின மனுஷன், மூணாவது ரவுண்டுல ஃப்யூரிய தரையில உக்காரவச்சாரே, ஸ்ப்ளிட் டிசிஷன்ல (ரெண்டு ஜட்ஜ் ஒரு பக்கம், ஒருத்தர் எதிர் பக்கம்) தானே ஃப்யூரி வெளிய வந்தாரு? அந்த ஃப்யூரி வந்தா என்ன பண்ணுவீங்க? அன்னிக்கும் உயரமும் வெயிட்டும் அவர்கிட்டதான் இருந்துச்சு.

மலையாண்டி
18 மே 2024, மாலை 5:25

அன்னிக்கு ஃப்யூரி 277 பவுண்டுல தொப்பையோட வந்தாரு, பயிற்சி பண்ணலங்கறது பாத்தாலே தெரிஞ்சுது. இன்னிக்கு 262. 2019க்கு அப்புறம் அவர் இவ்ளோ கம்மியா வந்ததே இல்ல. உசிக்க எவ்ளோ சீரியஸா எடுத்திருக்காருங்கறதுக்கு இது போதாதா?

கார்னர்_ஸ்டூல்
18 மே 2024, மாலை 6:30

அந்த 262தான் அண்ணே எனக்கு இடிக்குது. நீங்க சொன்ன திட்டம் என்ன, சாஞ்சு ஓயவைக்கிறது. அதுக்கு வைல்டர்கிட்ட 273, மூணாவது மேட்ச்ல 277ன்னு ஏத்திக்கிட்டு வந்தாரு. இப்ப எறக்கியிருக்காரு, அப்படின்னா கால்ல நின்னு பாக்ஸிங் ஆடப்போறாரு, ஜேப்பும் அப்பர்கட்டும் வச்சு தூரத்துலேருந்து அழகா பாயிண்டு எடுக்கணும்னு நினைக்கிறாரு. நீங்க ஜோஷுவா பண்ண தப்புன்னு சொன்னீங்களே, அத ஃப்யூரியே கொஞ்சம் ஒசத்தியா பண்ணப்போறாருன்னு எனக்கு தோணுது. மொத ஏழு ரவுண்டு அவர் நல்லாவும் இருப்பாரு, அப்பர்கட் விஷயம் நீங்க சொன்னது விழும், ஒடம்புலயும் விழும், உசிக் ரசிகர்கள் நெஞ்ச புடிச்சுக்கிட்டுத்தான் பாக்கணும்.

ஆனா ஒரு எடம் இருக்கு. ஃப்யூரியோட வலது புருவம். 2019ல லாஸ் வேகாஸ்ல ஓட்டோ வாலின் மூணாவது ரவுண்டுல அங்க கிழிச்சாரு, 47 தையல். வாலின் யாரு? சவுத்பா. இந்த மேட்ச் பிப்ரவரி 17க்கு நடந்திருக்கணும், ஏன் தள்ளிப்போச்சு? ஸ்பாரிங்ல வலது கண்ணுக்கு மேல வெட்டு. சவுத்பாவோட இடது நேர் குத்து ஆர்த்தடாக்ஸ் ஆளுக்கு எந்த பக்கம் வந்து விழும்னு கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க, வலது கண்ணு பக்கம். மூணு மாசத்துல தோல் மூடிடும், ஆனா தழும்புல தோல் பழைய தோல் கிடையாது. எங்க கிளப்புலயே ஒரு பையனுக்கு புருவத்துல ஒரே எடத்துல மூணு தடவ கிழிஞ்சிருக்கு, மூணாவது தடவ அடியே வேணாம், கிளவ்ஸ் உரசினதுக்கே ரத்தம். கண்ணுல ரத்தம் எறங்கினா அந்த பக்கத்துலேருந்து வர்ற இடது கை தெரியாது, தெரியாத குத்துதான் ஆள எறக்கும்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன், வாலின்கிட்ட அவ்ளோ ரத்தத்தோட 12 ரவுண்டும் ஆடி ஃப்யூரி ஜெயிச்சாரு. வைல்டரோட மொத மேட்ச்ல அவர் அடிச்ச அடியில 12ஆவது ரவுண்டுல செத்தவன் மாதிரி கிடந்துட்டு எழுந்து வந்தவரு. அவர எறக்கலாம், எறக்கியே வைக்கிறது வேற விஷயம். அதனால நாக்அவுட் கிடையாது. உசிக், பாயிண்டுல, ரொம்ப நெருக்கமா, மூணு ஜட்ஜும் ஒத்துக்க மாட்டாங்க.

டொட்டன்ஹாம்_மேல்தட்டு
18 மே 2024, மாலை 7:05

நடுவர் யார், கிளின்ச்ச எவ்வளவு நேரம் விடுவார் எண்டதையும் சேருங்கோ தம்பி. கெதியா பிரிச்சு விட்டா ஃப்யூரிக்கு சாயுற நேரம் கிடைக்காது. சாயவிட்டு பாத்துக்கொண்டு நிக்கிற நடுவர் எண்டா மலையாண்டி சொன்னதுதான் நடக்கும். முதல் ரெண்டு கிளின்ச்சிலயே அது விளங்கிடும்.

மூணாவது_ரவுண்டு
18 மே 2024, இரவு 9:45

எல்லாரும் இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு மனசார நன்றி. இப்ப எங்க அண்ணனையும் உக்காரவச்சு ஜோஷுவா மேட்ச்ல அந்த வலது கால் வெளிய போற எடத்த நிறுத்தி நிறுத்தி காட்டினேன், அவன் ஒண்ணும் சொல்லல, ஆனா இன்னும் ஒரு தடவ போடுன்னு கேட்டான். நம்ம ஊருக்கு மெயின் மேட்ச் விடியக்காலை மூணு மூணரை ஆகும்போல, அலாரம் வச்சாச்சு. மூணு விஷயம் எழுதி வச்சுக்கிட்டேன்: யாரோட முன்னங்கால் வெளிய இருக்கு, ரிங்கு நடுவுல யாரு நிக்கிறா, மொத கிளின்ச் எத்தன செகண்டு. கார்னர் அண்ணே, வேற எதாவது பாக்கணுமா?

கார்னர்_ஸ்டூல்
18 மே 2024, இரவு 10:10

எட்டாவது ரவுண்டு முடிஞ்சு ஸ்டூல்ல உக்காரும்போது ரெண்டு பேரோட வாயையும் பாருங்க. வாய தொறந்து மூச்சு விடுறவன் கால் அடுத்த ரவுண்டுல மெதுவாகும். ஒம்பதாவது ரவுண்டு ஆரம்பிக்கிறப்ப தண்ணி குடிக்க எழுந்து போயிடாதீங்க.